குரல் பொருந்தவில்லை

சித்திரை பிறந்த நாலாம் நாள் பாலிடெக்னிக்கில் கோடை விடுமுறை விட்டார்கள். அன்றைக்கு மத்தியானமே ஞானபூரணி ஒரு பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சிவகாசி வீட்டுக்கு வந்து இறங்கினாள். அவள் பதினாலு வருஷமாக அந்தப் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள். லேபில் கழித்துப் போட்டதில் பொறுக்கியெடுத்து, முதல்வரிடம் எழுதிக் கொடுத்து வாங்கிய பெட்டி அது. மைக்கும் ஸ்பீக்கரும் வயர்களும் ஒரு துணிப்பையில் இருந்தன.

ஆட்டோக்காரர் பெட்டியை முன்னறையில் இறக்கி வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்த ராஜசிங்கைப் பார்த்துக் கும்பிட்டார். ராஜசிங்கும் பதிலுக்குக் கும்பிடக் கையைத் தூக்கினார். பாதியில் இறக்கிக்கொண்டார். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. இடது கையில் உள்ளங்கை மட்டும் மிச்சம். விரல் ஒன்றும் இல்லை.

"ஆட்டோவுக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டாருங்க," என்றாள் ஞானபூரணி, அவர் போன பிறகு. "போர்மேன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்ததுக்கா காசுன்னு கேக்காரு."

ராஜசிங் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் இருபத்திரண்டு வருஷம் போர்மேன். மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் அங்கே ஃபேன்சி ரக வெடிக்கு மருந்து அடைக்கிற அறை ஒன்று வெடித்தது. நாலு பேர் செத்தார்கள், இரண்டு பேர் ஓடித் தப்பினார்கள். எரிகிற அறைக்குள் ஓடி பாண்டிலட்சுமி என்கிற பெண்ணை வெளியே இழுத்துப் போட்டவர் ராஜசிங்தான். அதில்தான் கைகள் போயின. மதுரை ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்து வந்தார். பேப்பரில் படம் போட்டார்கள். கோவிலில் ஞாயிறு ஆராதனையில் பேர் சொல்லி ஜெபித்தார்கள். போர்மேன் என்பதால் போலீஸ் வழக்கில் அவர் பேரும் இருந்தது. ஆனால் ஊரில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த இருபது நாளில் அவர் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஞானம், நான் கொஞ்சம் எளுதணும்."

"சொல்லுங்க. நான் எளுதுறேன்."

"இல்ல. நானே எளுதணும். நான் எளுதுறது யாருக்கும் தெரியக் கூடாது."

"நான் யாருகிட்டச் சொல்லப்போறேன்?"

"உனக்கும்தான்."

அப்போது அவள் அவருக்கு ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கவளம் கையிலேயே நின்றது. கல்யாணமாகி பத்தொன்பது வருஷம். பிள்ளை இல்லாத வீட்டில் இருவரும் பேசிப் பேசித்தான் காலத்தைக் கழித்திருந்தார்கள். இந்த மனுஷன் தனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள என்ன இருக்கும் என்று நினைத்தாள். கேட்கவில்லை. கவளத்தை ஊட்டினாள்.

"பேசினா எளுதுற மாதிரி கம்ப்யூட்டர்ல செய்யலாம்," என்றாள். "போன்லயும் இருக்கு. ஆனா அதெல்லாம் நம்ம பேச்சை நெட்டு வளியா எங்கேயோ அனுப்பித்தான் எளுதும். யாரு கேக்காகன்னு நமக்குத் தெரியாது."

"அது வேண்டாம். மேனேஜர் லட்சுமிகாந்தம் வந்து வந்து போறாரு. அவரு கையில சிக்குற மாதிரி ஒண்ணும் இருக்கக் கூடாது."

"அப்ப நான் செஞ்சு தாரேன். நெட்டே இல்லாம. உங்க குரலுக்கு மட்டும் தொறக்குற மாதிரி."

"நீ நெனைச்சாலும் தொறக்க முடியாம இருக்கணும்."

"சரி," என்றாள். சோற்றுத் தட்டைக் கழுவப் போனவள் குழாயடியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

வேலை சித்திரை முழுக்க இழுத்தது. பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. அதைக் கல்லூரியில் வைத்து இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றினாள். பிறகு பெட்டியைத் திறந்து வைஃபை அட்டையைக் கழற்றி எடுத்தாள். இனிமேல் அதற்குள் போனது வெளியே போக வழியில்லை.

கூப்பிட்டால் விழித்துக்கொள்ள ஒரு சொல் வேண்டும். என்ன சொல் வைக்க என்று கேட்டதற்கு அவர் யோசிக்காமல் "ஏலேன்னு வையி" என்றார். வைத்தாள். தெருவில் எவன் எவனையோ கூப்பிடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் விழித்து "சொல்லுங்கள்" என்றது. அன்றைக்கு அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்புறம் "எழுது" என்று மாற்றினாள். அவர் "எளுது" என்றார். கம்ப்யூட்டர் அசையவில்லை. அது பழகியதெல்லாம் டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர்களின் தமிழ்.

"நாக்கை மடக்கிச் சொல்லிப் பாருங்க. எழுது."

"எளுது."

"எழுது."

"அம்பது வருசமா இப்படித்தான் பேசிருக்கேன். இது பளகிக்கிடட்டும்."

அதுவும் சரிதான் என்று பட்டது. அவர் பேச்சுக்கு அதைப் பழக்கினாள். தினமும் காலையில் வெயில் ஏறும் முன்னால் அவரை மைக் முன்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னாள். பைபிளில் சங்கீதம், பழைய பேப்பர், ரேஷன் கார்டின் பின்பக்கம், கையில் கிடைத்ததெல்லாம். எண்ணூறு வாக்கியம் சேர்ந்தது. "மருந்து" என்று வரும் இடத்தில் மட்டும் அவர் குரல் தடுக்கும். அவள் மாத்திரை டப்பாவைக் காட்டி, இந்த மருந்தென்று நினைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்பாள். வெடிக்குப் போடுவதற்கும் வயிற்றுக்குப் போடுவதற்கும் அந்தப் பக்கத்தில் ஒரே சொல்தான்.

பூட்டுதான் கடினமாக இருந்தது. திறக்கும்போது திரையில் மூன்று சொற்கள் வரும். ஒவ்வொரு தடவையும் வேறு சொற்கள். அவற்றைத் திருப்பிச் சொன்னால்தான் திறக்கும். யாராவது அவர் குரலைப் போனில் பதிந்து கொண்டுவந்து போட்டுக் காட்டி ஏமாற்ற முடியாது. திறந்த பிறகும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அது அவர் குரலோடு ஒத்துப்பார்த்துக்கொண்டே இருக்கும். ஒத்துவராவிட்டால் எழுதியதை எல்லாம் பூட்டிவிட்டு நின்றுகொள்ளும். ஏனென்றால் ஆள் உள்ளே வந்தால் சட்டென்று மூடிவைக்க அவருக்குக் கையில்லை. எழுதியதைத் திறந்து படிக்க ஒரு ரகசியச் சொல்லும் வேண்டும்; அதை அவரே வாயால் சொல்லி வைத்துக்கொண்டார். அந்த நேரம் அவள் வெளியே வாசலில் நின்றாள்.

எலக்ட்ரானிக்ஸ் பிரிவு பெனிட்டோ சார் ஒருநாள் வந்து, ராஜசிங் மாதிரியே பேசிப் பார்த்தார். மிமிக்ரியில் கைதேர்ந்தவர். பத்துத் தடவை முயன்றும் "குரல் பொருந்தவில்லை" என்றது கம்ப்யூட்டர், ஏற்ற இறக்கமில்லாத ஒரு பெண்குரலில்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீக மேடம்," என்றார் பெனிட்டோ.

வைகாசி பிறந்ததும் ராஜசிங் எழுத ஆரம்பித்தார். காலைக் கஞ்சி குடித்ததும் அவள் கதவைச் சாத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவாள். உளுந்து களைவாள், துணி அலசுவாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் முணுமுணுவென்று கேட்கும். சொல் பிடிபடாது. பத்து நிமிஷம், கால் மணி நேரம். அப்புறம் தெளிவாக ஒன்று கேட்கும்.

"குரல் பொருந்தவில்லை."

பிறகு சத்தமே இருக்காது. அவள் போய்க் கதவைத் திறந்தால் அவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"என்ன செய்து?"

"பூட்டிக்கிட்டு. நாளைக்குப் பாக்கலாம்."

அந்த மாதம் லட்சுமிகாந்தம் இரண்டு தடவை வந்தார். கம்பெனி மேனேஜர். வரும்போதெல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவருவார். பழகுவதற்கு நல்ல மனிதர். ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி பெஞ்சில் படுத்துக் கிடந்தவர்.

"விசாரணை ஆனி பத்தாம் தேதிக்கு மேல வருது ராஜசிங்," என்றார். "நீங்க சொல்ல வேண்டியதை நான் பேப்பர்ல அடிச்சுக் கொண்டாந்திருக்கேன். செத்துப்போன மாரிச்செல்வி மருந்துத் தட்டை இளுத்து வச்சதுல உராசிருச்சு. அம்புட்டுத்தான். செத்தவளுக்குக் கேஸ் கிடையாது. உங்களுக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. அவ குடும்பத்துக்கு வர வேண்டியதும் வந்துரும்."

ராஜசிங் வாசலைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க. கையைக் குடுத்து ஒரு உயிரைக் காப்பாத்துன மனுசன் கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா?"

போகிறபோது கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பேசினா எளுதுமாமே, பெனிட்டோ சார் சொன்னாரு," என்று குனிந்து மைக்கில், "எளுது" என்றார். "குரல் பொருந்தவில்லை" என்றது அது. அவர் நிமிர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. பேப்பரைக் கட்டில் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அய்யாதுரை வந்தார். மாரிச்செல்வியின் புருஷன். ஆலங்குளம் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவர். சட்டையெல்லாம் வெள்ளைப் புழுதி. நாற்காலியில் உட்காரச் சொல்லியும் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். ஒரு தாளில் சுற்றிய சேவு கொண்டுவந்திருந்தார்.

"அண்ணாச்சிகிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன்," என்றார். "எங்க ஊர்ல பேசிக்கிடுதாக, அவ கவனமில்லாம தட்டை இளுத்துட்டாளாம், அதான் வெடிச்சுச்சாம். மத்த மூணு பேரு வீட்டாளுகளும் எங்க வீட்டுப் பக்கம் வாறதில்ல. மகளை ஸ்கூல்ல ஒரு பிள்ளை கேட்டிருக்கு, உங்க அம்மாவாலதான எங்க பெரியம்மா செத்துப்போச்சுன்னு."

ஞானபூரணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அவ எட்டு வருசம் அந்த வேலை பாத்தவ அண்ணாச்சி. வீட்டுல டம்ளரைக் கூட டக்குனு வைக்க மாட்டா. நீங்க அங்கன இருந்தவுக. அவ தப்புன்னா தப்புன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். தெரிஞ்சுக்கிட்டா மகளுக்குச் சொல்லுவேன்."

ராஜசிங் சேவுப் பொட்டலத்தையே பார்த்தார். "நான்... உங்களுக்குச் சொல்றேன் அய்யாதுரை. கொஞ்ச நாள் குடுங்க," என்றார்.

அய்யாதுரை தலையாட்டினார். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துப் போனார்.

அன்று பிற்பகல் கரண்ட் இல்லை. காற்று அடித்தாலும் அனலாக அடித்தது. ராஜசிங் படுத்திருந்தார், கண் திறந்தே இருந்தது. கரண்ட் வந்ததும் ஞானபூரணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எழுதியதை அவளால் பார்க்க முடியாது. ஆனால் எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்குப் பூட்டியது, பூட்டும்போது குரல் எவ்வளவு விலகியிருந்தது என்ற கணக்கு வெளியே தெரியும்படிதான் வைத்திருந்தாள். இருபத்தோரு நாள் திறந்திருக்கிறது. இருபத்தோரு நாளும் குரல் ஒத்துவராமல் பூட்டியிருக்கிறது. அவள் அந்தக் கோடுகளைப் பார்த்தாள். முதலில் நேராகப் போகிற கோடு, கடைசி ஒரு நிமிஷத்தில் நடுங்கி நடுங்கி இறங்கி, அறுந்து நின்றது. எல்லா நாளும் ஒரே மாதிரி.

இதில் மைக்கின் பழுது ஒன்றுமில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்துக்கு வருகிறார். அங்கே வந்ததும் அழுகிறார். அழுகிற குரல் அவர் குரலில்லை என்று கம்ப்யூட்டர் பூட்டிவிடுகிறது. அவள் வாங்கிய எண்ணூறு வாக்கியத்தில் அழுகை ஒன்றில்கூட இல்லை.

பூட்டைத் தளர்த்திப் பார்த்தாள். பெனிட்டோ சார் பேசியதைப் பதிந்து வைத்திருந்தாள். தளர்த்தியதும் அதற்கே பூட்டு திறந்துகொண்டது. பழையபடி இறுக்கிவிட்டு எழுந்து கட்டிலுக்குப் போனாள்.

"அது எதனால பூட்டுதுன்னு கண்டுபிடிச்சிட்டேங்க."

அவர் பார்த்தார்.

"அதுக்கு நீங்க அளுகுறது தெரியாது. அதையும் அதுக்குப் பழக்கணும்."

அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "எப்படிப் பளக்க?" என்றார்.

"அளுகுற குரல்ல கொஞ்சம் பதியணும். பதிவை ஓட விட்டுட்டு நான் வெளிய போயிருவேன். ஆனா பதிஞ்சதைக் கேட்டு வெட்டித்தான் அதுக்குக் குடுக்க முடியும். அந்த வேலையை நான்தான் பாக்கணும்." நிறுத்தி, "உங்ககிட்ட மறைக்க மாட்டேன். எப்படியும் நான் கேக்க வேண்டி வரும். வேண்டாம்னா விட்டுருவோம்," என்றாள்.

வெளியே ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அது தெரு முனை திரும்புகிறவரை இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப பக்கத்துலயே இரு," என்றார் ராஜசிங்.

அவள் மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதிவு ஓடியது. அவர் திரையைப் பார்த்தே பேசினார். அவளைப் பார்க்கவில்லை.

"முந்தின நாளு சாயங்காலம் மருந்து மிஞ்சிருச்சு. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. ஈரம் ஏறி உள்ளுக்குள்ளயே சூடாகும். அன்னைக்கன்னைக்கே அழிச்சிறணும். எனக்குத் தெரியும். எத்தனை பேருக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். வடக்க ஒரு கல்யாண ஆர்டரு, லோடு போயாகணும். லட்சுமிகாந்தம் போன்ல, அதையே காலைல போட்டு முடிச்சிருங்கன்னாரு. நான் முடியாதுன்னு சொல்லிருக்கலாம். சொன்னா அவரு கேட்டிருப்பாரு. நான் சொல்லல."

குரல் இதுவரை நேராகத்தான் வந்தது.

"காலைல ஒம்பது இருக்கும். நாலு பேரு இருக்க வேண்டிய அறையில ஏளு பேரை உக்கார வச்சிருந்தேன். மாரிச்செல்வி எந்திச்சு வெளிய வந்தா. அண்ணாச்சி, தட்டைத் தொட்டா சூடு தெரியுது, ஒரு மாதிரி வாடை வருது, வந்து பாருங்கன்னா. நான்... நான் லாரிக்கிட்டப் போய்க்கிட்டிருந்தேன். மத்தியானம் வரைக்கும் ஓட்டும்மா, மத்தியானம் வந்து பாக்கேன்னேன். அவ..."

அங்கேதான் குரல் உடைந்தது. ஞானபூரணி கையை நீட்டாமல் இருக்க நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"அவ சரி அண்ணாச்சின்னுட்டு உள்ள போயிட்டா ஞானம். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. சரி அண்ணாச்சின்னா. வெடிச்சதும் நான் ஓடுனது மாரிச்செல்விக்கு. அவ பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் உள்ள போனேன். புகையில ஒண்ணும் தெரியல. கையில அகப்பட்டது பாண்டிலட்சுமி. ஊரு என்னைக் கும்பிடுது. ஆட்டோக்காரன் காசு வாங்க மாட்டேங்கான். கோவில்ல பேரு சொல்லி ஜெபம் பண்ணுதாக. நீ சோறு ஊட்டுற. ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு..."

அதற்கு மேல் சொல் வரவில்லை. அழுகை மட்டும் வந்தது. கண்ணைத் துடைக்க அவருக்குக் கையில்லை. அவள் எழுந்து முந்தானையால் துடைத்தாள். இத்தனை நாளும் இந்தக் கைகளுக்குக் கட்டுப் போடும்போதெல்லாம் மனதுக்குள் அவள் பெருமைப்பட்டிருக்கிறாள். அது இனி இல்லை. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அந்தப் பதிவைத் துண்டு துண்டாக வெட்டினாள். ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் முடிந்தது. ராஜசிங் மூன்று சொல்லைச் சொல்லித் திறந்து, "எளுது" என்றார். இப்போது எங்கே உடைந்தாலும் கம்ப்யூட்டர் பூட்டவில்லை. நாலு நாள் காலையில் பதினோரு பக்கம் எழுதினார். ஐந்தாம் நாள் கதவைத் திறந்து, "ஞானம், வந்து வாசிச்சுப் பாரு. எளுத்துப் பிழை இருந்தாத் திருத்து," என்றார். அவள் வாசித்தாள். அவர் பேசின மாதிரியே இருந்தது. எதையும் திருத்தாமல் அச்செடுத்தாள். லட்சுமிகாந்தம் வைத்துவிட்டுப் போன பேப்பர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து அவருக்கே தபாலில் திருப்பி அனுப்பினாள்.

ஆனி பன்னிரண்டாம் தேதி காலை விசாரணை. அதிகாரி பதினோரு பக்கத்தையும் படித்து முடிக்க வெகுநேரமானது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதைக் குடுத்தா மொத ஆளா நீங்கதான் உள்ள போவீங்க, தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்."

"மேனேஜரும் வருவாரு. ஓனரும் வருவாரு. ஆனா நீங்க காப்பாத்தப் போனதையே இதுல ரெண்டு வரியிலதான் எழுதியிருக்கீங்க."

"அதுக்கு அம்புட்டுப் போதும்."

கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் வழியில்லாததால் இடது கால் பெருவிரலில் மை தடவி ஒவ்வொரு பக்கத்திலும் வைக்கச் சொன்னார்கள். ஞானபூரணி தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக நீட்டினாள்.

வெளியே வந்ததும், "தாயில்பட்டிக்குப் போவோம்," என்றார். "அய்யாதுரை பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிடக் கூடாது."

போகும்போது மணி இரண்டு. அய்யாதுரை அன்றைக்கு லாரிக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியில் கட்டில் போட்டிருந்தது. ஒன்பதாவது படிக்கிற மகள் பிரீத்திகாவும் பள்ளிக்கூடம் போகவில்லை; சாணி தட்டிய கையோடு வந்து நின்றாள். அய்யாதுரை மகளை உள்ளே போகச் சொல்லவில்லை. ராஜசிங்கும் கேட்டுக்கொள்ளவில்லை. உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை. தண்ணீர் கேட்டார், பிரீத்திகா கையைக் கழுவிவிட்டு வந்து செம்பில் கொடுத்தாள். ஞானபூரணி வாங்கி அவர் வாயில் பிடித்தாள். மீதியையும் சொல்லி முடித்தார்.

அய்யாதுரை தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வந்து பாருங்கன்னு கேட்டாளா?"

"கேட்டா."

"நீங்க மத்தியானம் வரைக்கும்னீக."

"ஆமா."

"ஒம்பதே முக்காலுக்கு வெடிச்சிருச்சே அண்ணாச்சி," என்றார் அய்யாதுரை. கோபமாகச் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறவர் போலச் சொன்னார். பிறகு எழுந்து மகளின் தோளில் கை வைத்து, "கேட்டுக்கிட்டியாம்மா? உங்கம்மா மேல தப்பு இல்ல," என்றார். அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை, திரும்பி வெளியே வரவும் இல்லை. இவர்கள் இருவரும் மரத்தடியில் வெயில் தாழும்வரை நின்றுவிட்டு நடந்தார்கள்.

நிறுத்தத்துக்கு வரும்போது பட்டாசுக் கம்பெனிகள் விட்டிருந்தன. சிவகாசி பஸ் வந்ததும் வேலை முடிந்த பெண்கள் ஏறினார்கள். முழங்கைவரை அலுமினியப் பொடி ஒட்டி, கைகள் வெள்ளி பூசின மாதிரி இருந்தன. கற்பகவல்லி என்கிற நடுவயதுப் பெண், அவர் கம்பெனியில் திரி வெட்டுகிறவள், ராஜசிங்கைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தாள்.

"அண்ணாச்சி, இங்கன உக்காருங்க. ஏய், தள்ளுங்கடி. நம்ம பாண்டிலட்சுமியத் தூக்கிட்டு வந்தவுக."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் சீட்டுக் கிழிப்பதை நிறுத்தி வணக்கம் சொன்னார். நாளைக்கோ நாளை மறுநாளோ இவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

"வேண்டாம்மா. நீ உக்காரு. நான் நிக்கேன்," என்றார் ராஜசிங்.

"நீங்க எப்படி அண்ணாச்சி நிப்பீக? புடிக்க முடியாதே?"

"நிக்கேன்."

கற்பகவல்லி உட்காரவில்லை. மற்ற பெண்களும் உட்காரவில்லை. அத்தனை கூட்டத்தில் அந்த ஒரு சீட்டு மட்டும் காலியாகக் கிடந்தது. பஸ் குலுங்கிக் கிளம்பியபோது ராஜசிங் ஒருபக்கமாகச் சாய்ந்தார். ஞானபூரணி ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சிவகாசி வரும்வரை அந்தப் பிடியை அவள் விடவில்லை.